சீமைக்கருவேலச் சூட்டில் குஞ்சு வளர்ப்போம்: சிவகங்கை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கால்நடை பராமரிப்புத் துறை, வேளாண்மைத் துறை, வேளாண் பொறியியல் துறை அலுவலர்களுக்கும், செட்டிநாடு வேளாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும், கானாடுகாத்தான் பக்கத்தில் நெல்லும் நாட்டுக்கோழியும் வைத்துப் பிழைக்கும் ஒருத்தியின் வணக்கம்.

நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. செட்டிநாட்டில் இருக்கும் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலோ, வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலோ, வருகிற மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு குவியல் போடுங்கள். சீமைக்கருவேலச் சிம்புகளைத் துகளாக்கி, மாட்டுச் சாணியும் வைக்கோலும் கலந்த பெரிய எருக்குவியல். அதற்குள் சுருள் சுருளாகக் குழாய் ஓட்டி, அதில் சூடாகும் தண்ணீரை ஒரு குஞ்சுக் கொட்டகையின் தரைக்கு அடியில் ஓடவிடுங்கள். எத்தனை நாள் சூடு நின்றது, எத்தனை யூனிட் மின்சாரம் மிச்சம், எத்தனை குஞ்சு தேறியது என்று எழுதி வையுங்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஏன் இதைக் கேட்கிறேன் என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

மக்குகிற பொருள் சூடாகும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூடினால், மறுநாள் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். சூடு அதிகமாக இருந்தால் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர் உள்ளுக்குள் வெந்து கறுத்துப்போவதைப் பார்த்திருக்கிறோம். மார்கழி விடியலில் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கும். இவையெல்லாம் உயிர் மூச்சுவிடும்போது பிறக்கிற சூடு. எருக்குழியில் மூச்சுவிடுவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வைக்கோலையும் சாணியையும் தின்று, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் சூட்டையும் வெளியே விடுகின்றன. விறகு எரிவதும் இதே மாற்றம்தான். விறகு ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையை நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் செய்கின்றன, தீயில்லை, புகையில்லை.

குவியல் சரியாக அமைந்தால் முதல் சில நாளிலேயே 40 டிகிரியைத் தாண்டும். அதன்பின் சூடு தாங்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கும். 55 முதல் 65 டிகிரி வரை உள்ளே கொதிப்பு நிற்கும். 70ஐத் தாண்டினால் அந்த உயிர்களும் மடியத் தொடங்கும். அதற்கு வேண்டியவை மூன்று: 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) ஒரு பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்), 50 முதல் 60 விழுக்காடு ஈரம், உள்ளே காற்றுப் போக வழி. வைக்கோலில் கரிமம் கூடுதல், சாணியிலும் கோழி எச்சத்திலும் தழைச்சத்து கூடுதல். இரண்டையும் சேர்த்தால் கணக்கு நேராகும். உமியை மட்டும் நம்ப முடியாது. புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து உமி கிடைக்கும் ஊர் இது என்பதால் சொல்கிறேன். உமியில் சிலிக்கா அதிகம், மக்குவது மெல்ல. காற்றுப் போக இடைவெளி தரும் பொருளாக வேண்டுமானால் கொஞ்சம் சேர்க்கலாம்.

இந்தச் சூட்டை வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள் உலகில் பலர். பாரிஸ் நகரத்தைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டில் குதிரைச் சாணத்தைப் பரப்பி, மேலே மண் போட்டு, கண்ணாடி மூடி, பனிக்காலத்திலும் கீரை விளைவித்தார்கள். அமெரிக்காவில் நியூ ஆல்கெமி நிறுவனம் 1983இல் மக்கு குவியலின் சூட்டில் ஒரு பசுமைக்குடிலையே நடத்திப் பார்த்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் பால்பண்ணையில் 2013இல் குவியலுக்கு அடியிலிருந்து மின்விசிறியால் ஆவியை இழுத்து, அந்த ஆவியின் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கினார்கள். குவியலிலிருந்து வெளியேறும் சூட்டில் பெரும்பங்கு நீராவியோடுதான் போகிறது. அந்த ஆவியையே பிடிப்பது அவர்கள் வழி. எங்களுக்கு அவ்வளவு எந்திரம் வேண்டாம்.

எங்களுக்குப் பொருத்தமானவர் ஜான் பெய்ன். பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பகுதியில் வாழ்ந்து 1981இல் மறைந்தவர். அவருடைய கவலை காட்டுத்தீ. கோடையில் காய்ந்த புதர் தீப்பிடித்து மலை மலையாக எரிகிற ஊர் அது. புதரை வெட்டினால் தீ குறையும்; வெட்டிய புதரை என்ன செய்வது? அவர் அதைச் சிறு துகளாக்கிக் குவித்தார். சுமார் 50 டன் எடையுள்ள குவியல், நடுவே பாலித்தீன் குழாய்ச் சுருள். 10 டிகிரியில் உள்ளே போன தண்ணீர் நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 60 டிகிரியில் வெளியே வந்தது என்பது அவர் தந்த கணக்கு. அந்தத் தண்ணீரில் வீட்டைச் சூடாக்கினார். குவியலுக்கு நடுவில் எரிவாயுக் கலன் ஒன்றையும் வைத்து, அடுப்புக்கும் வண்டிக்கும் எரிபொருள் எடுத்தார். கடைசியில் மிஞ்சிய மக்கைக் கல் நிறைந்த நிலத்தில் போட்டுக் காய்கறி விளைவித்தார்.

புரோவான்ஸில் புதர் என்றால் இங்கே சீமைக்கருவேலம். நம் மாவட்டத்துக் கண்மாய்கள், வரத்துக்கால்கள், தரிசுகள் எல்லாவற்றையும் அது வளைத்துக்கொண்டு கிடக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் அகற்றச் சொன்னது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றும் வேலை நடக்கிறது. தடித்த மரம் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிறது, அதில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதில் கை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் விரல் பருமனுக்குக் கீழே உள்ள சிம்பும் முள்ளும் தழையும் யாருக்கும் வேண்டாதவை. அள்ளினால் கை கிழியும், வண்டியில் ஏற்றினால் இடம் அடைக்கும். அதனால் கண்மாய்க் கரையிலேயே குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். பச்சைத் தழையில் தழைச்சத்து இருக்கிறது, சிம்பில் கரிமம் இருக்கிறது. எங்கள் குவியலுக்கு வேண்டிய இரண்டும் புகையாகிப் போகின்றன. போன பிறகு அதே ஊரில், அதே இரவில், குஞ்சுக் கொட்டகையில் சூட்டுக்காகப் பல்பு எரிகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் மனிதர் குடியிருக்கும் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. வளவு வைத்து, உயரமாகக் கூரை எழுப்பி, சுண்ணாம்பு பூசி, ஆத்தங்குடிக் கல் பாவி, வெயிலை வெளியே நிறுத்தக் கட்டிய வீடுகள் இவை. மார்கழியிலும் தையிலும் இரவுச் சூடு 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது, ஒரு போர்வையில் சமாளித்துவிடுவோம். குளிர்நாட்டில் நடப்பதை அப்படியே எடுத்துவந்து இங்கே நடத்தச் சொன்னால் அது வீண். ஆனால் இதே ஊரில் 35 டிகிரி சூடு இருந்தே ஆக வேண்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் வயதுக் குஞ்சு விடும் கொட்டகை.

பொரித்த குஞ்சுக்கு மேலே இருப்பது பஞ்சு போன்ற தூவி மட்டும். இறகு முளைக்கும்வரை தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. தாய்க்கோழியோடு விட்டால் அதன் இறக்கைக்குள் போய்விடும். இன்குபேட்டரில் பொரித்து நூற்றுக்கணக்கில் வாங்கி விடும்போது தாய் கிடையாது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு சுமார் 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். தகரத் தடுப்பு வட்டமாக வைத்து, நடுவில் பல்பு தொங்கவிட்டு, குஞ்சு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். பல்புக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் குளிர். தகரத்தோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். வட்டம் முழுக்கப் பரவி மேய்ந்தால் சரி. மழைக்காலத்து இரவில் மின்சாரம் போனால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்களுக்குக் கிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் குஞ்சு விட்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அரசு நாட்டுக்கோழி வளர்ப்புக்கு மானியம் தருகிறது. நான்கு வாரம் வளர்ந்த குஞ்சாகக் கொடுக்கும் திட்டங்களும் இருக்கின்றன. அது நல்லது, ஏனென்றால் ஆபத்து முழுவதும் அந்த முதல் நான்கு வாரத்தில்தான். ஆனால் வளர்ந்த குஞ்சுக்கு விலை கூடுதல். முதல் நான்கு வாரத்தைத் தானே தாண்டவைக்கத் தெரிந்த குடும்பத்துக்குத்தான் கையில் நாலு காசு நிற்கும். பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் இந்தத் தொழிலை விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் குஞ்சைப் பறிகொடுத்த பிறகுதான் என்பது என் கண்ணால் கண்டது.

கணக்குக்கு வருகிறேன். பல்பு வைத்துக் குஞ்சு வளர்க்கையில் ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பண்ணையாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. 500 குஞ்சுக்கு 1000 வாட். மாலையிலிருந்து காலைவரை 15 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 15 யூனிட், மூன்று வாரத்துக்கு 315 யூனிட். இன்னொரு தொல்லையும் உண்டு: குண்டு பல்பு இப்போது கடைகளில் அரிதாகிவிட்டது. எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. அகச்சிவப்பு பல்பு வாங்கினால் ஒன்றே 250 வாட்.

இப்போது குவியல் பக்கம். ஜான் பெய்ன் சொன்ன அளவை வாட்டாக மாற்றினால் 50 டன்னுக்கு ஏறக்குறைய 14 கிலோவாட், அதாவது டன்னுக்கு 280 வாட். அதை அப்படியே நம்பிக் கொட்டகை கட்டச் சொல்ல மாட்டேன். அவர் குவியல் பெரியது, பெரிய குவியல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், கைதேர்ந்தவர் வேறு. நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: டன்னுக்கு 70 வாட். 10 டன் குவியலுக்கு 700 வாட், அதுவும் பகல் இரவு ஓயாமல். 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 17 யூனிட்டுக்கு ஈடான சூடு. 500 குஞ்சுக்கு வேண்டிய 15 யூனிட்டை இது தொடுகிறது. பகலில் பிறக்கும் சூட்டை இரவுக்குச் சேர்த்துவைக்க 1000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். அந்தத் தண்ணீர் 10 டிகிரி இறங்கினாலே 11 யூனிட்டுக்கு மேல் சூடு கொடுக்கும். ஏட்டில் சரியாக வருகிற கணக்கு கொட்டகையில் எவ்வளவு குறையும் என்பதை அளந்தால்தான் தெரியும். அந்த அளவை எடுக்க ஒரு குடியானவளிடம் கருவி கிடையாது. உங்களிடம் இருக்கிறது. நான் உங்களுக்கு எழுதுவதே அதற்காகத்தான்.

10 டன் என்றதும் மலைக்க வேண்டாம். ஈரத்தோடு சேர்த்த எடை அது. 13 அடி விட்டம், 5 அடி உயரம் இருந்தால் அடங்கிவிடும். ஒரு வைக்கோல் போருக்கான இடம். தரையில் முதலில் ஒரு முழ உயரத்துக்குத் துகளாகாத சிம்பைப் பரப்ப வேண்டும், கீழிருந்து காற்று வர. மேலே கலவை ஓர் அடுக்கு, கறுப்பு பாலித்தீன் குழாய் ஒரு சுற்று, மறுபடி கலவை, மறுபடி சுற்று. அடுக்கும்போதே தண்ணீர் தெளித்துக்கொண்டு போக வேண்டும். உள்ளங்கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்கிற ஈரம். வெளியே வைக்கோல் ஒரு முழம் மூடி, உச்சியில் தென்னங்கீற்று வேய்ந்தால் ஐப்பசி மழை உள்ளே இறங்காது. குழாயிலிருந்து ஒரு வழி கொட்டகைக்கு, ஒரு வழி திரும்ப. கொட்டகைக்குள் தரையை ஒரு சாண் தோண்டி, குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, மணல் மூடி, அதன்மேல் கடலைத் தோல் பரப்பிக் குஞ்சு விடலாம். தண்ணீரைச் சுற்றவைக்கச் சின்ன மோட்டார் ஒன்று வேண்டும். சூரியத் தகடு ஒன்றும் மின்கலம் ஒன்றும் அதற்குப் போதும். புயல் அடித்து ஊர் இருண்டாலும் குஞ்சுக்குக் கீழே தரை சூடாக இருக்கும்.

பிடிமானம் இல்லாமல் ஆர்வத்தில் மட்டும் செய்தால் கெடுதல் நடக்கும் இடங்களும் இதில் உண்டு. குவியலைக் கொட்டகைக்குள்ளே போட்டால் குழாய்ச் செலவு மிச்சம் என்று யாருக்கும் தோன்றும். போடவே கூடாது. குவியல் அம்மோனியாவும் கரியமில வாயுவும் விடும். குஞ்சின் கண்ணும் நுரையீரலும் அதைத் தாங்காது. அதைவிடப் பெரிய ஆபத்து ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை. சூடு தாங்கும் பூஞ்சை அது, மக்கும் வைக்கோலில் செழித்து வளரும். அதன் வித்துத் தூள் மூச்சில் போனால் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாகும். கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய். ஆகவே குவியலின் காற்று ஒரு துளிகூடக் கொட்டகைக்கு வரக் கூடாது, அடைத்த குழாய்க்குள் ஓடும் தண்ணீர் மட்டுமே வர வேண்டும். காற்று கொட்டகையைத் தாண்டிய பிறகே குவியலுக்குப் போகும் பக்கத்தில், கொட்டகையை விட்டுத் தள்ளிக் குவியல் இருக்க வேண்டும். குவியலைப் போடுகிறவர்களும் பிரிக்கிறவர்களும் மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், நனைத்துவிட்டுத்தான் கிளற வேண்டும்.

சீமைக்கருவேலத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. காய் காய்த்திருக்கும் கிளையைக் குவியலில் சேர்க்கக் கூடாது. ஆடும் மாடும் காயைத் தின்று சாணியில் விதையை ஊரெல்லாம் பரப்புவதால்தான் இந்த மரம் இவ்வளவு பெருகியது. குவியலின் நடுவில் சூடு இருக்கும், ஓரத்தில் இருக்காது. ஓரத்தில் தப்பிய விதை எருவோடு வயலுக்கு வந்துவிட்டால் செய்த வேலை அத்தனையும் தலைகீழாகும். அதேபோல் நெற்று தின்ற மாட்டின் சாணியையும் அந்தப் பருவத்தில் தவிர்ப்பது நல்லது. இதையெல்லாம் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் சோதித்து, மக்கிய எருவை நாற்றங்காலில் பரப்பி முளைப்பு பார்த்துச் சொன்னால் ஊர் நம்பும்.

சூரியச் சூட்டில் தண்ணீர் காய்ச்சலாமே, அதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். கோடையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மூடம் போட்டுவிடும். குஞ்சுக்குச் சூடு அதிகம் வேண்டிய நாளும் அதுதான். கரி அடுப்பு வைத்துச் சூடு காட்டுகிறவர்கள் உண்டு. புகையும் கார்பன் மோனாக்சைடும் அடைத்த கொட்டகையில் குஞ்சையும் கொல்லும், காவலுக்குப் படுத்தவரையும் கொல்லும். கேஸ் எரித்துக் குஞ்சுக்குச் சூடு தரும் புரூடர் நல்ல பொருள்தான், சிலிண்டருக்குப் பணம் இருந்தால்.

ஆள்கூலிதான் இதில் உண்மையான செலவு, அதை ஒத்துக்கொள்கிறேன். முள் சிம்பை வெட்டி, கொண்டுவந்து, துகளாக்கி, அடுக்குவது லேசான வேலையில்லை. கையால் கொத்தி இதைச் செய்யவே முடியாது. துகளாக்கும் எந்திரம் வேண்டும். வேளாண் பொறியியல் துறை டிராக்டரும் மண் அள்ளும் எந்திரமும் இ-வாடகை என்ற இணையவழிப் பதிவு மூலம் விவசாயிக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. அந்த வரிசையில் முள்மரச் சிம்பைத் துகளாக்கும் எந்திரம் ஒன்று, டிராக்டரில் மாட்டி ஓட்டும் வகை, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கு எளிதாகக் கிடைக்கும்படி செய்யுங்கள். கண்மாயில் சீமைக்கருவேலம் அகற்ற ஏலம் விடும்போது, சிம்பை எரிக்கக் கூடாது, துகளாக்கிக் கேட்கும் விவசாயிக்குத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். இந்த இரண்டுக்கும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

செலவைச் சொன்னேன், வரவையும் சொல்ல வேண்டும். சூடு இதில் கிடைக்கிற முதல் பலன் மட்டும். குவியல் தணிந்த பிறகு உள்ளே இருப்பது எரு. எங்கள் மண்ணைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். செம்மண்ணும் சரளையும், வெட்டினால் செம்பொறைக் கல். மழை பெய்தால் நிற்காது, நின்றால் இறுகும். ஆட்டுக்கிடை போட ஆள் கிடைத்த காலத்தில் கிடை போட்டோம். இன்று கிடைக்காரருக்கு முன்பணம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வயலுக்கு எரு வாங்கினால் லாரி வாடகையே விலையைத் தின்றுவிடுகிறது. குஞ்சுக்குச் சூடு கொடுத்து முடித்த குவியல் அதே இடத்தில் எருவாகக் கிடந்தால் அரை ஏக்கருக்காவது ஆகும். மின்சார மிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் திட்டம் கட்டுப்படியாகாமல் தோன்றலாம். எருவையும், எரியாமல் தப்பிய சிம்பையும், சாகாமல் தேறிய குஞ்சையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். சோதனை நடத்துகிறவர்கள் நான்கையும் எழுத வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அரண்மனை போன்ற பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். விருந்தினர் குளிக்க 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 42க்குக் கொண்டுவர 1.6 யூனிட் ஆகிறது. பின்கட்டுக்கு வெளியே இடம் இருக்கிறது, தோட்டக் கழிவு இருக்கிறது. குவியலின் சூட்டில் முன்சூடு ஏற்றி, மீதியை ஹீட்டரில் முடிக்கலாம். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டியில் தேக்கிவைத்தால் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி பெருகும் ஆபத்து இருக்கிறது. ஆகவே குவியலில் ஓடும் தண்ணீர் வேறு, குளிக்கும் தண்ணீர் வேறு என்று பிரித்து, பொறியாளர் ஒருவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். முதலில் குஞ்சுக் கொட்டகை. அது நிலைத்த பிறகு மற்றவை.

இந்த மண்ணுக்கு ஆராய்ச்சி புதிதில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். குன்றக்குடி அடிகளார் அந்த ஆய்வகத்து அறிவியலாளர்களை ஊருக்குள் கூட்டிவந்து, கிராமத்தில் கிடைக்கும் பொருளை வைத்துக் கிராமத்துக்குத் தொழில் உண்டாக்கப் பாடுபட்டார். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இன்றும் நடக்கிறது. அறிவியலாளரும் குடியானவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஊர்கள் இவை. சாணிக்குவியலில் வெப்பமானி செருகுவது அவர்களுக்கும் எங்களுக்கும் கௌரவக் குறைவாக இருக்காது.

எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் செய்யக்கூடியதையும் எழுதிவிடுகிறேன். சாணியும் வைக்கோலும் நாங்கள் கொண்டுவருவோம். குவியல் அடுக்கும் நாளில் ஆள் வருவோம். காலையிலும் மாலையிலும் சூட்டை அளந்து நோட்டில் எழுத எங்கள் குழுவில் படித்த பெண்கள் இருக்கிறார்கள். ஒரே வகைக் குஞ்சை, ஒரே நாளில், பாதியைப் பல்புக் கொட்டகையிலும் பாதியைக் குவியல் சூட்டுக் கொட்டகையிலும் விட வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். குவியல் சூடு போதாமல் போனால் உடனே போட்டுக்கொள்ளப் பல்பு மேலே தொங்கிக்கொண்டே இருக்கட்டும். சோதனைக்காக ஒரு குஞ்சும் குளிரில் சாகக் கூடாது.

காலக்கெடு எங்கள் கையில் இல்லை, மழையின் கையில் இருக்கிறது. ஆடி முடிவதற்குள் இடம் எதுவென்று முடிவாக வேண்டும். ஆவணியில் சிம்பு வெட்டித் துகளாக்க வேண்டும். கார் மேகம் கட்டிவிட்டால் கண்மாய்க்குள் டிராக்டர் இறங்காது. புரட்டாசி நடுவில் குவியல் எழுந்தால் ஐப்பசி பிறக்கும்போது உள்ளே 55 டிகிரி இருக்கும். முதல் தொகுதிக் குஞ்சை அப்போது விடலாம். இந்த மடலைப் படித்து முடித்ததும், இடம் தர முடியுமா முடியாதா என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள். முடியும் என்றால் நாங்கள் வந்து அளந்து பார்க்கிறோம். முடியாது என்றால் எங்கள் குழுவிலேயே ஒரு தோட்டத்தைத் தருகிறோம், வெப்பமானியோடு ஒரு பேராசிரியரை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் பக்கத்து நாட்டுக்கோழி வளர்ப்போர் சார்பில்,
நெல்லும் கோழியும் வைத்திருக்கும் ஒரு விவசாயி